கியெம் வீட்டுச் சன்னல்

கியெம் நல்லவள் என்று நான் சொல்லமாட்டேன். இருபது வருடம் ஒரே மனிதன்மேல் வன்மம் வைத்து, அதைத் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் எப்படி நல்லவளாக இருப்பாள்? ஆனால் எங்கள் மலையூர் குங்லிங்கில் எனக்கென்று ஒரு தோழி உண்டென்றால் அவள்தான். அந்த வன்மத்துக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தவள் நான். அதில் எனக்கு வெட்கம் கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆள் உயரம். கை இரண்டும் ஆண்பிள்ளைக் கை. உருளைக்கிழங்கு மூட்டையைத் தனியாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கீழ்ச்சாலை வரை நடப்பாள். மூன்று பன்றி, ஒரு மாடு, மலைச்சரிவில் இரண்டு துண்டு நிலம், ஒரு மகள். சாதாரணமாகப் பேசுவது குறைவு. வில் களத்துக்கு வந்துவிட்டால் மட்டும் வாய் திறக்கும்; திறந்தால் ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும். எதிரணி வில்லாளியைக் கேலி பாடிக் கலைக்கும் எங்கள் கீழ்த்தெருப் பெண்களின் பாட்டுக் கூட்டத்தில் அவள் முதல் குரல், நான் இரண்டாவது.

அவளைக் கெடுத்தவன் மேல்தெரு நிதுப்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்கள் இரவில் சன்னல் ஏறிப் பெண்களைப் பார்க்க வருவார்கள். சிலது கல்யாணத்தில் முடியும், நிறைய பிள்ளையில் முடியும். விடிந்து பார்க்கையில் ஆள் வீட்டில் இருந்தால் அவன் அந்த வீட்டு மருமகன். பெண்ணின் அம்மா எழுந்து வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள், ஊரும் ஒத்துக்கொள்ளும். கோழி கூவுவதற்குள் இறங்கிப் போய்விட்டால் அவன் யாரோ. நிதுப் ஒரு குளிர்காலம் முழுக்கக் கியெம் வீட்டுச் சன்னல் ஏறினான். அவளுக்கு அப்போது இருபத்தொன்று, அவனுக்கு இருபத்தைந்து. உருளை விதைப்புக்கு முன்னால் வாசல் வழியாக வந்து உட்காருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு நாளும் கோழியை முந்தாமல் விட்டதில்லை.

அவள் வயிறு தெரிய ஆரம்பித்ததும் தலைநகருக்கு வண்டி ஏறிவிட்டான். கியெமின் அம்மா மூன்று பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் பயணம் செய்து அவனைப் போய்க் கேட்டாள். "அந்த வீட்டுப் படியையே நான் மிதிச்சதில்ல" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னான். ஒருவகையில் உண்மைதான். படியை அவன் மிதித்ததே இல்லை.

பிறந்தவள் யூதோன். கெட்டிக்காரி. ஆனால் பதிவேட்டில் தகப்பன் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. அந்த இடம் காலியாக இருந்தால் எங்கள் நாட்டில் அடையாள அட்டை லேசில் கிடைக்காது. கியெம் வருடா வருடம் நல்ல உடையை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு கூடை முட்டையும் சுமந்துகொண்டு, மாவட்ட அலுவலகத்துக்குப் போவாள். அங்கே ஒரு குமாஸ்தா முட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "தகப்பன் கையெழுத்து எங்கம்மா?" என்பான். இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், கோர்ட்டுக்குப் போனால் அவன் தலைநகரத்து வக்கீலை வைப்பான். ஒரு முறை சந்தையில் வைத்து அவனைக் கேட்டதற்கே, "இன்னொரு தடவை வெளியில சொன்னே, அவதூறு கேஸ் போட்டு உன் நிலத்தை விக்க வெச்சுடுவேன்" என்று மிரட்டினான். நல்ல தலைமையாசிரியர் ஒருவர் வாய்த்ததால் யூதோன் பள்ளிப் படிப்பை முடித்தாள். இந்த வருடம் தலைநகரத்து நர்ஸ் பள்ளியில் இடம் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் அடையாள அட்டை எண் தராவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்கு.

அந்த மாதம்தான் நிதுப் தன் வெளிநாட்டுக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தான்.

தலைநகருக்குப் போனவன் வழிகாட்டியாகி, பிறகு சொந்தக் கம்பெனி வைத்துவிட்டான். தலைமுடிக்குக் கறுப்புச் சாயம், கையில் இரண்டு போன், சின்னதாக ஒரு தொப்பை. மூன்று வருடமாக 'பண்பாட்டு வாரம்' என்று ஒன்றை எங்கள் ஊருக்கே கொண்டுவருகிறான். ஏழு நாள் வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் வீடுகளில் தங்குவார்கள். முதல் நாள் மிளகாய் பிளப்பது, மாவு இடிப்பது. அப்புறம் சுட்ட கல் போட்ட வெந்நீர்க் குளியல், கோயில், மாடு கறப்பது. கடைசி நாள் வில் போட்டி. வருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாவம், நம் மிளகாயைத் தின்று கண்ணீர் விட்டுக்கொண்டே "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்பார்கள். எனக்கு ஆகாதவன் கூட்டி வருகிறவன்தான்.

ஊரிலேயே பழைய வீடு கியெமுடையது. சித்திரம் வரைந்த மரச்சன்னல் மிச்சமிருக்கும் ஒரே வீடும் அதுதான். ஆகவே விருந்தாளிகள் நாலு பேர் அங்கே தங்குவார்கள். "அவனை எப்படி உன் வீட்டு வாசலை மிதிக்க விடுற?" என்று முதல் வருடமே கேட்டேன். "பக்கத்துல இருந்தாத்தானே கழுத்து எட்டும்" என்றாள். சிரிக்கவில்லை.

இந்த முறை முதல் நாள், விருந்தாளிகள் முற்றத்தில் மாவு இடித்துக்கொண்டிருந்தபோது, கியெம் அவனை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள். நானும் அங்கேதான் உலர்ந்த பன்றிக்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் அவன் முன்னால் அந்தப் படிவத்தை வைத்தாள்.

"ஒரு கையெழுத்து. சொத்து கேக்கல, சோறு கேக்கல. உன் பொண்டாட்டி பிள்ளைங்க காதுக்கும் போகாது. புள்ளைக்கு ஒரு பேரு."

அவன் படிவத்தைத் தொடவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சன்னல் பக்கம் பார்த்தான்.

"எவன் எவனோ வந்து போன சன்னல் அது. என் தலையில கட்டாதே, கியெம்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் என்ன செய்திருப்பேனோ. கியெம் படிவத்தை மடித்து மார்புத் துணிக்குள் செருகிக்கொண்டு அடுப்பை ஊதப் போனாள்.

அதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை ஒன்றும் நடந்திருக்காது. அடுத்த நாள் காலை விருந்தாளிகள் எட்டுப் பேரையும் அந்தச் சன்னலுக்குக் கீழே, பன்றித் தொழுவத்துப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினான். சன்னல் ஏறும் வழக்கத்தைப் பற்றி என்னவோ காதல் கதை மாதிரி அவர்கள் மொழியில் சொல்லிச் சிரிக்க வைத்தான். பிறகு ஓர் ஏணியைக் கொண்டுவந்து சாத்தச் சொன்னான். தன்னிடம் வேலை செய்யும் வழிகாட்டி யோன்தனைப் பார்த்து, "நீ ஏறு, அவங்க போட்டோ எடுக்கட்டும்" என்றான். யோன்தன் முப்பது வயது ஆள், சம்சாரி, நெளிந்தான்.

"மேல ஒரு பொண்ணு நிக்கணுமே" என்றான் நிதுப். சுற்றிப் பார்த்தான். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வந்த யூதோனைப் பார்த்தான். "இந்தப் பொண்ணு நிக்கட்டும். சிரிச்ச மூஞ்சி, நல்லா இருக்கும். ஏய் பொண்ணே, மேல போய்ச் சன்னல்ல கை வெச்சு நில்லு. கொஞ்சம் வெக்கப்படு, போதும்."

யூதோனுக்கு எல்லாம் தெரியும். குடத்தைக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"போய் நில்லு" என்றாள் கியெம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் மேலே போய் நின்றாள். யோன்தன் ஏறினான், அவர்கள் படம் எடுத்தார்கள், நிதுப் கைதட்டினான். தன் இரத்தத்தையே சன்னலில் நிறுத்தி வைத்து, வெட்கப்படச் சொல்லிப் படம் எடுத்துக் காட்டினான். கியெம் கையைக் கட்டிக்கொண்டு அவனை ஒரு நொடிகூடக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகளில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள் மட்டும் படம் எடுக்கவில்லை. சன்னலையும் கியெமையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் கியெம் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"லேமோ, உன் புருஷனை ஒரு ராத்திரிக்குக் கெடுத்துக் குடு."

"ஏற்கெனவே கெட்டவன்தான், இன்னும் என்ன கெடுக்க? உனக்கு எதுக்குடி அவன்?"

"சீ, எனக்கு எதுக்கு அந்த எலும்புக்கூடு! வெள்ளிக்கிழமை ராத்திரி கொட்டகையில படுக்க விடாதே. உன் வீட்டுல படுக்க வை."

எனக்கு விஷயம் புரிய ஒரு வாய் தேநீர் ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் உடம்பு சிலிர்த்தது.

என் புருஷன் கென்ச்சோவுக்கு மேல்தெருவில்தான் பிறப்பு. எங்கள் பக்கம் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து சேருவான். அப்படி எங்கள் கீழ்த்தெருவுக்கு வந்தவன், வில் என்று வந்துவிட்டால் மட்டும் அம்மா வீட்டுக்காரனாகிவிடுவான். மேல்தெரு அணிக்கு அவன்தான் கை. போட்டிக்கு முந்தின ராத்திரி வில்லாளிகள் பெண்டாட்டி பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. கோயில் பக்கத்து வைக்கோல் கொட்டகையில் ஒன்றாகப் படுத்து, காலையில் மலைத் தெய்வத்துக்குச் சாராயம் ஊற்றிவிட்டு நேரே களத்துக்குப் போக வேண்டும். தீட்டுப்பட்டவன் வில்லைத் தொட்டால் அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"கென்ச்சோ விழுந்தா மேல்தெருவுக்கு ஒரு ஆள் குறையும்" என்றாள் கியெம். "உருளை வாங்குறவன் வந்திருக்கான், மத்த மேல்தெரு ஆம்பளை எல்லாம் இந்த வாரம் பூரா மூட்டையோட கீழ்ச்சாலையில கிடக்காங்க. மேல்தெருவில பிறந்து கையில வில் பிடிக்கத் தெரிஞ்சவன் வேற யாரு இருக்கா?"

"நிதுப். பொண்டாட்டி தலைநகரத்துல, தீட்டும் இல்ல."

"எட்டு வெள்ளைக்காரங்க பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அவன் களத்துல ஏறாம இருப்பானா?"

"சரி, ஏறட்டும். ஏறினா?"

"வெளியில நான் அவன் பேரை எடுத்தா அவதூறு. களத்துல?"

களத்தில் எங்களுக்குக் கோடு கிடையாது. வில்லைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். மற்றபடி எய்கிறவன் காதுக்குள் போய் நின்றுகூடப் பாடலாம். அவன் அம்மாவை, அப்பாவை, வழுக்கையை, வாயை, எதை வேண்டுமானாலும் இழுக்கலாம். அவன் கோபப்படக் கூடாது, பதில் பேசக் கூடாது. போன வருடம் வட்டத் தலைவர் பென்ஜோரின் மூக்கைப் பற்றி நான் பதினாறு அடி பாடினேன். மனிதர் சிரித்துவிட்டுப் போனார், அடுத்த நாள் எனக்கு ஒரு கட்டு முள்ளங்கியும் கொடுத்தனுப்பினார். களத்துப் பாட்டுக்காக யாரும் யார்மீதும் கேஸ் போட்டதில்லை.

"பாட்டுல சொன்னா சாட்சியாகுமாடி?" என்று கேட்டேன்.

"என் பாட்டு ஆகாது" என்றாள். கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உலர்ந்த பன்றிக்கறியும் முள்ளங்கியும் சேர்த்து, மிளகாய் அள்ளிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். சாராயத்தில் வெண்ணெயும் முட்டையும் அடித்துச் சூடு பண்ணினேன். கொட்டகைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்த கென்ச்சோவின் மூக்கு வாசலிலேயே நின்றுவிட்டது. "ஒரு வாய்" என்று உட்கார்ந்தான். மீதியை நான் எழுதப் போவதில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்துக்கு அப்புறமும் எனக்கு அந்த அளவுக்குச் செல்வாக்கு இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை களத்தில் ஊரே கூடியிருந்தது. இரு கோடியிலும் இலக்குப் பலகைகள், நடுவே ஆள் முகம் தெரியாத தூரம். விருந்தாளிகளுக்குப் பாய் விரித்திருந்தார்கள். வட்டத் தலைவர் பென்ஜோர் வெற்றிலைப் பெட்டியோடு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். இந்தப் பண்பாட்டு வாரத்தை நடத்த அனுமதி கொடுக்கிறவர் அவர்தான். ஆகவே நிதுப் அவர் பக்கத்தில் குனிந்து குனிந்து நின்றான். கென்ச்சோ ஒன்றும் அறியாதவன்போல வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து நின்றேன்.

"மேல்தெரு அண்ணன்மாரே! என் வீட்டுக்காரர் நேத்து ராத்திரி எங்க படுத்தாருன்னு அவரைக் கேளுங்களேன்!"

களம் வெடித்தது. கென்ச்சோ என்னைப் பார்த்த பார்வையை என் சாவு வரை மறக்க மாட்டேன். வில்லைக் கீழே வைத்துவிட்டு உருளைத் தோட்டம் இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தான், பிறகு ஓடினான். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

மேல்தெருக்காரர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். ஆள் குறைகிறது, வெயில் ஏறுகிறது, விருந்தாளிகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒருவன் நிதுப்பைப் பார்த்து, "நீங்கதான் இருக்கீங்களே லா" என்று மரியாதைக்கு எங்கள் 'லா'வையும் சேர்த்துச் சொன்னான். நிதுப் வேண்டாம் வேண்டாம் என்று கை அசைத்தான். அதற்குள் யோன்தன் விஷயத்தைச் சொல்லிவிட, விருந்தாளிகள் கைதட்டினார்கள். அவ்வளவுதான். மேலங்கியின் ஒரு கையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வில்லை எடுத்தான். தெய்வத்துக்கு அவனே சாராயம் ஊற்றினான். யோன்தனிடம் திரும்பி, எல்லாரும் கேட்க, "பொம்பளைங்க பாடுறதை ஒரு வார்த்தை விடாமச் சொல்லு. இந்த வாரத்துலயே இதுதான் ருசி" என்றான்.

கியெம் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

முதல் சுற்றில் எல்லாருக்கும் பாடுகிற மாதிரிதான் பாடினோம்.

"தொப்பையை முதல்ல அனுப்பு சாரே,
அம்பு மெதுவா பின்னால வரட்டும்!
தலையில பூசின மை காயலையாம்,
வேர்வை வழிஞ்சா மூஞ்சி கறுக்கும்!"

அவன் சிரித்தான். விருந்தாளிகளுக்குக் கை ஆட்டினான். எய்த அம்பு பலகையின் ஓரத்தில் போய்க் குத்தியது. மேல்தெருக்காரர்கள் ஆடிப் பாடி அவன் இடுப்பில் ஒரு வண்ணத் துணியைச் செருகினார்கள். அவன் முகம் பூரித்துப் போயிற்று. இருக்கட்டும், நன்றாகப் பூரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் சுற்றில் கியெம் அவன் பக்கத்தில் போய் நின்றாள். குரலை இறக்கினாள்.

"படியை மிதிக்காத பெரிய மனுசர்,
சன்னல் கட்டையைக் கேட்டுப் பாருங்க!
குளிருக்கு வந்தவர் விதைப்புக்கு வரலை,
விதைச்சது முளைச்சு நிக்குது பாருங்க!"

சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் தலையைத் திருப்பாமலே எல்லாரும் யூதோன் இருக்கும் பக்கம் கண்ணை ஓட்டினார்கள். அவள் பெண்கள் வரிசையின் கடைசியில் நேராக நின்றுகொண்டிருந்தாள். யோன்தன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். சிவப்புத் தொப்பி அம்மாள் அவன் கையைத் தொட்டு என்னவோ கேட்டாள். அவன் முதலாளியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்.

நிதுப்பின் காது சிவந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. களத்து முறை அவனுக்குத் தெரியும். அம்பு பலகைக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் போய் விழுந்தது. பேசாமல் அடுத்த அம்பை எடுத்தான். இவ்வளவுதானா, இதையும் தின்று செரித்துவிடுவானா என்று நினைத்தேன். கியெமைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். இருபது வருடத்தில் அவள் கண் சிமிட்டி நான் பார்த்ததில்லை.

"கோழி கூவுது சாரே, ஓடு ஓடு,
சன்னல்ல தொங்குது பாரு காலு!
ஏணி சறுக்கிப் பன்றிச் சேத்துல விழுந்தாரு,
'அம்மா அம்மா'ன்னு அழுதுக்கிட்டே எழுந்தாரு!"

இது பொய். சுத்தப் பொய். அவன் ஒரு நாளும் விழுந்ததில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் களம் விழுந்து விழுந்து சிரித்தது. மேல்தெருக்காரர்களே சிரித்தார்கள். அவன் அணியில் ஒருவன் பன்றி மாதிரி உறுமிக் காட்டினான். யோன்தன் இதை மொழிபெயர்த்ததும் வெளிநாட்டுக்காரர்களும் சிரித்தார்கள். இப்போது எங்கள் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். "அம்மா அம்மா! அம்மா அம்மா!" என்று அவனைச் சுற்றி வந்து ஆடினோம்.

பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடினான் என்று பாடியபோது பொறுத்துக்கொண்டவனால், சேற்றில் விழுந்தான் என்றதைப் பொறுக்க முடியவில்லை. வில்லைத் தாழ்த்திக்கொண்டு கத்தினான்.

"யாருடி விழுந்தது? பொய்யா பாடுற! ஒரு குளிர்காலம் பூரா அந்த ஏணியில ஏறி இறங்கியிருக்கேன், ஒரு தடவை கால் சறுக்கியிருக்குமா? கேளு, நீயே சொல்லு, ஒரு தடவை?"

கியெம் பாட்டை நிறுத்தினாள். நாங்களும் நிறுத்தினோம்.

"இல்ல" என்றாள். "ஒரு தடவைகூட இல்ல." பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சா லா?"

வட்டத் தலைவர் வாயிலிருந்த வெற்றிலையை நிதானமாகத் துப்பினார். "கேட்டுச்சு" என்றார்.

யாரும் சொல்லாமலே யோன்தன் அதையும் மொழிபெயர்த்தான். விருந்தாளிகளில் சிலர் இதுவும் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். சிவப்புத் தொப்பி அம்மாள் தட்டவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"விளையாட்டுக்குச் சொன்னேன் லா" என்றான் நிதுப். "களத்துப் பேச்சுதானே, லா."

"பாடுறவங்க பொய் பாடலாம்ப்பா. தெய்வத்துக்கு ஊத்திட்டு வில்லு பிடிச்சவன் பேசவே கூடாது, பேசினா அது சத்தியம், திருப்பி எடுக்க முடியாது. காலையில யாருக்குச் சாராயம் ஊத்தினே? கையில இப்ப என்ன வெச்சிருக்கே?"

அவன் கையைப் பார்த்தான். வில் இருந்தது.

"நாளைக்குக் காலையில கியெம் வீட்டுல இருப்பேன், முத்திரையோட" என்றார் தலைவர். "நீயும் இருக்கணும். இல்லேன்னா உன் வாரத்தை வேற ஏதாவது ஊருல வெச்சுக்கோ. வெக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கதை அங்க போய்ச் சேரும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரில் எல்லாருக்கும் கியெம் வீட்டுப் பக்கம் ஏதோ ஒரு வேலை இருந்தது. ஒருத்தி மாட்டைத் தேடி வந்தாள், ஒருவன் உப்புக் கேட்டு வந்தான். விருந்தாளிகளின் வண்டிகள் புறப்படத் தயாராக நின்றன. நிதுப் வந்தான். வாசல் கதவைத் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள்.

மேலே சன்னல் திறந்தது. கியெம் எட்டிப் பார்த்தாள்.

"வாசல் விருந்தாளிக்கு. நீ வர்ற வழி உனக்குத் தெரியுமே. கால் சறுக்காதுன்னு நேத்துதானே சொன்னே."

"கியெம், எல்லாரும் பாக்கறாங்க."

"அன்னைக்கு யாரும் பாக்கலை. அதனாலதானே இவ்வளவும்."

படம் எடுக்கக் கொண்டுவந்த ஏணி அங்கேயே சாத்தியிருந்தது. உள்ளே தலைவர் குனிந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தாராம். கதவைத் திற என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். நிதுப் சுற்றிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏறினான். நாற்பத்தைந்து வயது, தொப்பை சன்னல் கட்டையில் மாட்டிக்கொண்டது. கால் இரண்டும் வெளியே கொஞ்ச நேரம் துழாவிவிட்டு உள்ளே போயின.

உள்ளே நடந்தது கியெம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யூதோன் படிவத்தை முழுக்கத் தன் கையால் நிரப்பி வைத்திருந்தாள், ஒரே ஒரு வரியைத் தவிர. பேனாவை எடுத்து மூடி திறந்து வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"உங்க முழுப் பேரு சொல்லுங்க லா" என்றாளாம். "அம்மா இந்த வீட்டுல உங்க பேரைச் சொன்னதில்ல. எனக்குத் தெரியாது."

அவன் சொன்னான். அவள் எழுதினாள். அவன் கையெழுத்துப் போட்டான், தலைவர் முத்திரை குத்தினார். "நல்லாப் படி" என்று என்னவோ முனகினானாம். யூதோன் மை காய்வதற்காகக் காகிதத்தை ஊதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

அவன் வாசல் கதவைப் பார்த்தான். கியெம் சன்னலைக் காட்டினாள்.

அதற்குள் நான் வெளியே என் வேலையை முடித்திருந்தேன். ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்தே பார்த்தேன். நிதுப் சன்னலுக்கு வெளியே காலைப் போட்டுத் துழாவினான், ஏணி அகப்படவில்லை. இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். சன்னல் ஒன்றும் பெரிய உயரமில்லை. கீழே கியெமின் மூன்று பன்றிகளும் புதுச் சேற்றில் படுத்திருந்தன.

"அய்யோ அம்மா!" என்று அவன் கத்தியது மேல்தெரு வரை கேட்டது.

கியெம் சன்னலில் கை வைத்து நின்றாள்.

"லேமோ!" என்று என்னைக் கூப்பிட்டாள். "என் பாட்டுல இப்ப பொய் இல்ல, பாத்துக்கோ!"

யூதோன் மாதக் கடைசிக்கு நாலு நாள் முன்னால் தலைநகருக்குப் போனாள். ஏணி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. கியெம் திருப்பிக் கேட்கவில்லை.